முதல் பேஸ் கித்தார்: பாலம் தாண்டும் தம்பிமாருக்குச் சில வார்த்தை

தோட்டப்புறத்தில் பாட்டுக்கும் மேளத்துக்கும் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. மாரியம்மன் திருவிழா என்றால் உருமி. சாவு வீடு என்றால் தப்பு. கல்யாணம் என்றால் நாதஸ்வரமும் தவிலும். வெள்ளிக்கிழமை பஜனை என்றால் ஹார்மோனியம். பாட்டன் காலத்திலிருந்து நாம் பார்த்துவரும் சங்கதி இது. இன்று செம்பனைத் தோட்டத்திலும், தோட்டத்தை விட்டு வெளியேறிக் குடியேறிய தாமான்களிலும், நம் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து வாத்தியக் குழு தொடங்குகிறார்கள். ஒருத்தன் கித்தார் என்கிறான். ஒருத்தன் கீபோர்டு என்கிறான். ஒருத்தன் டிரம்ஸ் என்கிறான். கடைசியில் மிஞ்சுகிறவனைப் பார்த்து, "நீ பேஸ் வாசிடா" என்று சொல்லிவிடுகிறார்கள். அவனும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டுவிடுகிறான்.

ஆசை நல்ல ஆசைதான். ஆனால் காசு யாருடைய காசு? 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. 500 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒரு வாத்தியமும் பெட்டியும் வாங்கினால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் போச்சு. அரிசி, பால்மாவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாவற்றையும் தள்ளி வைத்துச் சேர்த்த பணம் அது. கூட்டத்துக்குப் போகிற இடங்களில், லயத்துச் சுவரில் தூசி படிந்து தொங்கும் கித்தார்களை நாம் பார்க்கிறோம். "ஏம்பா வாசிக்கலே?" என்று கேட்டால், "கை வலிக்குதுண்ணே", "சத்தம் சரியா வரலேண்ணே" என்கிறார்கள். பல வேளைகளில் குற்றம் பையனிடம் இல்லை. வாங்கிய பொருளில் இருக்கிறது. ஆகவேதான் இந்த வாரம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

பேஸ் என்றால் என்ன?

சாதாரணக் கித்தாருக்கு ஆறு கம்பி; பேஸ் கித்தாருக்கு வழக்கமாக நாலு கம்பிதான். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்க்கப்படும். கித்தாரின் தடித்த நாலு கம்பிகளுக்கும் இதே பெயர்தான். ஆனால் பேஸ் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கித்தாரின் தடித்த கம்பி வினாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது என்றால், பேஸின் தடித்த கம்பி 41 முறைதான் அதிரும். நம்ம உருமியைத் தேய்க்கும்போது அடிவயிற்றில் ஒரு முனகல் வந்து விழுகிறதே, அந்த இடத்தில்தான் பேஸ் வந்து உட்காருகிறது.

பாடுகிறவனுக்குக் கைத்தட்டல் கிடைக்கும். பேஸ் வாசிப்பவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அவன் நிறுத்திவிட்டால் பாட்டு காற்றில் தொங்கும். தொழிற்சங்கக் கிளையில் செயலாளர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மேடையில் முழங்குபவர் வேறொருவர். கூட்டம் கலையாமல் பிடித்து வைத்திருப்பவர் இவர்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஆளுயரப் பெட்டி வாத்தியம் ஒன்றுதான் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. 1951-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ ஃபெண்டர் என்பவர் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் கட்டைகள் பதித்திருந்ததால் சுவரம் துல்லியமாக விழுந்தது. துல்லியம் என்ற பொருளிலேயே அதற்குப் 'பிரிசிஷன்' என்று பெயர் வைத்தார். இன்று கடையில் தொங்கும் மலிவு வாத்தியங்களில் பெரும்பாலானவை அந்த உருவத்தின் பேரப்பிள்ளைகளே.

மலிவு என்றால் மட்டமா?

"நல்லா வாசிக்கணும்னா விலை ஒசந்த சாமான் வேணும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று பேரைக் காட்டுவோம்.

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இரவு விடுதிகளில் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்த காலம். ஃபெண்டர் வாங்கக் கையில் வசதியில்லை. ஆகவே சுமார் 30 பவுனுக்கு, வயலின் உருவத்தில் இருந்த ஹோஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். உலகமே கேட்ட பல பாட்டுகள் அதில் பிறந்தன. 1972-இல் திருடுபோன அந்த வாத்தியம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவரிடமே திரும்பி வந்தது என்று 2024-இல் செய்தி வெளியானது.

அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் மோட்டவுன் தட்டுக் கம்பெனிக்கு வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். பெரும்பாலும் வலது கையின் ஒரே விரலால் வாசித்தவர். கம்பிகளை மாற்றும் வழக்கமே அவருக்கு இல்லையாம். கார்த் தொழிலாளர் நகரத்தில் தட்டு தட்டாக அவர் கைவேலை விற்றுத் தீர்ந்தது. ஆனால் 1971 வரை பெரும்பாலான தட்டுகளில் அவர் பெயரைக்கூடப் போடவில்லை. உழைப்பு ஒருவனுடையது, பேர் மற்றவனுடையது என்ற கதை தோட்டத்தில் மட்டுமா நடக்கிறது? வாத்தியக் குழு அமைக்கும் தம்பிமார் இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாமவர் நம்மவர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த தொகுதி; ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் வரதராஜன் பாட்டுக் கட்டிப் பாடினார். அண்ணனோடு ஹார்மோனியப் பெட்டி சகிதம் தோட்டம் தோட்டமாகப் போன சிறுவன்தான் பின்னாளில் இளையராஜா ஆனார். அவர் இசையில் பேஸ் கித்தார் வெறும் துணை வாத்தியமாக இருக்காது. அது தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டு போகும். 1980-இல் வந்த 'மூடுபனி', 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப்பாட்டுகளை மறுபடி கேட்டுப் பாருங்கள். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் காதில் விழாது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்க வேண்டும். இளையராஜாவின் குழுவில் வாசித்த சசிதரன், ஏ. ஆர். ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் ஆகியோரின் வாசிப்பைத் தேடிப் பிடித்துக் கேட்பது, வாத்தியம் வாங்கும் முன்பே தொடங்க வேண்டிய பாடம். அதற்குக் காசும் வேண்டியதில்லை.

எங்கே தேடுவது?

லார்க்கினில் 170-ஆம் நம்பர் பஸ் ஏறினால் குவீன் ஸ்திரீட்டில் இறங்கலாம். இறங்கியதும் நம் கால்கள் தாமாகவே தேக்கா பக்கம் திரும்பும். சாப்பாட்டுக்கும் சாமான்களுக்கும் அது சரி. சிராங்கூன் ரோட்டு வட்டாரத்தில் பூஜைச் சாமான் கடைகள் உண்டு. தேடினால் தபேலா, ஹார்மோனியம், மிருதங்கமும் கிடைக்கும். பேஸ் கித்தாருக்கு அங்கே அலைவது வீண்.

குவீன் ஸ்திரீட்டிலிருந்து எதிர்த் திசையில் கால்மணி நேரம் நடந்தால் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ். புத்தகக் கடைகளுக்கும் இசைக்கருவிக் கடைகளுக்கும் பேர்போன கட்டடம். அங்கிருந்து இன்னும் சற்று நடந்தால், சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்கு அருகே, கோல்மன் ஸ்திரீட் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர். பல ஆண்டுகளாகக் கித்தார்க் கடைகள் ஒன்றுக்கொன்று அடுத்தடுத்து இருக்கும் இடம் அதுதான். 1946-இல் தொடங்கிய சுவீ லீ போன்ற பழைய நிறுவனங்களும் சிங்கப்பூரில் உண்டு. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு, கம்பத்துப் பையன்கள் எல்லாரும் கித்தார் தூக்கிய கதையை அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். ஆகவே அந்த ஊருக்குக் கித்தார் வியாபாரம் புதிதல்ல.

பழைய சாமான் வாங்க நினைப்பவர்களுக்குக் கேரோசெல் இருக்கிறது. 2012-இல் சிங்கப்பூரிலேயே தொடங்கப்பட்டது. ஆசையாக வாங்கி ஆறு மாதத்தில் அலுத்துப்போனவர்கள் விற்கும் வாத்தியங்கள் நல்ல நிலையில், பாதி விலைக்கும் கிடைப்பதுண்டு. ஒரே நிபந்தனை: நேரில் பார்த்து, கையில் வாங்கி, வாசித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். "முதல்ல அனுப்புங்க, அப்புறம் பொருள் வரும்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் என்றாலே மலிவு என்பது பழைய நினைப்பு. 2024 முதல் அங்கே பொருள் சேவை வரி 9 விழுக்காடு. அந்த வரியைத் திரும்பப் பெறும் சலுகை ஜொகூருக்குத் தரைவழி திரும்பும் நமக்குக் கிடையாது. அங்கே வேலை பெர்மிட்டில் இருக்கும் தம்பிமாருக்கும் கிடையாது. ஆகவே முதலில் ஜொகூர் பாருவில் அதே மாடலின் விலையைக் கேட்டு எழுதிக்கொண்டு பிறகு பாலம் தாண்டுங்கள். வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து, சுங்கத்தில் கேட்டால் காட்டுங்கள்.

எதைக் கேட்பது?

முதல் வாத்தியத்துக்கு நாலு கம்பியே போதும். ஐந்து கம்பி பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஃபெண்டர் குடும்பத்தின் மலிவுப் பெயரான ஸ்குவையரில் சோனிக், அஃபினிட்டி வரிசைகள். ஐபனெஸில் ஜிஎஸ்ஆர் 180. யமஹாவில் டிஆர்பிஎக்ஸ் 174. தொடங்குபவர்களுக்கு எல்லாக் கடைக்காரரும் எடுத்துக் காட்டும் மாடல்கள் இவை. புதிதாக வாங்கினால் ஏறக்குறைய 300 முதல் 500 சிங்கப்பூர் வெள்ளிக்குள் இருக்கும். கடைக்குக் கடை மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கும் கீழே, பேர் தெரியாத பெட்டிச் சாமான் வேண்டாம். அதைத் திரும்ப விற்கவும் முடியாது.

அளவு முக்கியம். வழக்கமான பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம். கை சிறியதாக இருக்கும் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் 30 அங்குலக் குட்டை வாத்தியம் உண்டு. ஸ்குவையர் பிராங்கோ அந்த வகை. ஐபனெஸ் மைக்ரோ இன்னும் சிறியது. பெண்பிள்ளைக்கு எதற்கு பேஸ் என்று யாராவது முணுமுணுத்தால், ரகுமானின் மேடையில் வாசித்த மோகினி டேயின் படத்தைக் காட்டுங்கள்.

சில வாத்தியங்களுக்குள் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். ஒயரை வாத்தியத்திலேயே செருகி வைத்துவிட்டால் பேட்டரி வீணாக இறங்கிக்கொண்டே இருக்கும். பேட்டரி இல்லாத எளிய வகையே முதல் வாத்தியத்துக்கு நல்லது. இடது கைக்காரர்கள் முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போகட்டும். அவர்களுக்கான மாடல்கள் குறைவு.

கடையில் கூச்சப்படாதே!

நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. குளிர்சாதனக் கடைக்குள் நுழைந்ததும் குரல் தாழ்ந்துவிடும். "வாசிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்கக்கூடக் கூச்சம். காசு கொடுப்பவன் நீ. செருப்பைக்கூடப் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? வாசிக்கத் தெரிந்த ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு போ. ஆள் இல்லாவிட்டாலும் இவற்றை நீயே பார்க்கலாம்.

ஒன்று, கழுத்து. உடம்புப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் நீளவாக்கில் பார். மெல்லிய வளைவு இருக்கலாம். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரி செய்துவிடலாம். கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தால் தொடாதே.

இரண்டு, கம்பியின் உயரம். பன்னிரண்டாம் கட்டையில் கம்பிக்கும் கட்டைக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் உயர்ந்திருந்தால் விரல் நோகும். நம் பிள்ளைகள் வாத்தியத்தைச் சுவரில் மாட்டுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். கடைக்காரரிடம், "செட்டப் பண்ணிக் கொடுங்க" என்று கேள். புதுச் சாமானுக்கு இலவசமாகவே செய்து தருவீர்களா என்றும் கேள்.

மூன்று, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு கட்டையாக அமுக்கி மீட்டு. எங்காவது 'ஙிர்' என்று இரைகிறதா, எங்காவது ஒலி பட்டென்று செத்துப்போகிறதா என்று கவனி.

நான்கு, பன்னிரண்டாம் கட்டைக்கு நேர்மேலே கம்பியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் மணிபோல ஒரு சுவரம் வரும். பிறகு அதே இடத்தை அமுக்கி மீட்டு. இரண்டும் ஒரே சுவரமாக இருக்க வேண்டும். கைபேசியில் சுருதி பார்க்கும் செயலி இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்து, தலையில் இருக்கும் முறுக்காணிகள். வீணையில் பிரடை என்போமே, அந்த வேலைதான். வழுக்காமல், தடங்கல் இல்லாமல் திரும்ப வேண்டும்.

ஆறு, பெட்டியில் இணைத்துக் குமிழ்களைத் திருகு. கரகரப்பு வருகிறதா? ஒயர் செருகும் இடத்தை அசைத்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறதா? பழைய சாமானில் இது சின்னக் கோளாறுதான். ஆனால் விலையைக் குறைக்கக் காரணமாகும்.

ஏழு, வாரை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்று பார். பேஸ் ஏறக்குறைய 4 கிலோ கனக்கும். காலையிலிருந்து குலை வெட்டிய தோள் அதைத் தாங்க வேண்டுமே! அகலமான வார் வாங்கு.

பெட்டியும் மின்சாரமும்

பேஸை மட்டும் வாங்கினால் கதை முடியாது. ஒலிபெருக்கிப் பெட்டி வேண்டும். வீட்டு ரேடியோவிலோ சாதாரணக் கித்தார்ப் பெட்டியிலோ செருகிச் சத்தமாக வைத்தால் அந்த ஸ்பீக்கர் கிழிந்துபோகக்கூடும். வீட்டில் பழக 15 முதல் 25 வாட் பேஸ் பெட்டி போதும். ஹெட்போன் செருகும் வசதி கட்டாயம் இருக்கட்டும். அடித்தொனி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். விடிவதற்குள் பெரட்டுக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு எந்தக் கலையும் வளராது.

மேடையில் டிரம்ஸோடு வாசிக்க 100 வாட்டும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும். அதை ஒருத்தன் தலையில் கட்டாதீர்கள். அது குழுவின் சொத்து. குழுவாகப் பணம் போட்டு, யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி வையுங்கள். பிரிந்து போகும்போது சண்டை வராது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. கித்தார்க் கம்பி பெட்டியின் எர்த்தோடு இணைந்தது. விரல் கம்பியில், உதடு மைக்கில். இரண்டில் ஒன்றில் மின் இணைப்புக் கோளாறு இருந்தால் மின்சாரம் உடம்பு வழியே பாயும். 1972-இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சீ நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கித்தார்க் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மாண்டார். கோயில் திருவிழாக்களில் மழை ஈரத்தில், வெறுங்காலோடு, ஒட்டுப் போட்ட ஒயரில் வாசிக்கும் நம் பிள்ளைகளை நினைத்தால் பகீர் என்கிறது. மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையை உடைப்பதும், இரண்டு முனையாக மாற்றிச் செருகுவதும் தற்கொலைக்குச் சமம். மேடை போடுபவரிடம், "எர்த் இருக்கா?" என்று கேட்டுவிட்டே ஏறுங்கள். ஆலையில் பாதுகாப்புக் கேட்பது எப்படி உரிமையோ, மேடையிலும் அப்படியே.

தவணை வலை

"மாசம் கொஞ்சம்தான், எடுத்துட்டுப் போங்க" என்ற சொல்லுக்கு மயங்காதவர் யார்? 400 வெள்ளிச் சாமானை மாதம் 50 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் 600 ஆகிறது. பாதி விலை கூடுதல்! ஆகவே மாதக் கணக்கைக் கேட்காதே. மொத்தக் கணக்கைக் கேள். வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் வாத்தியத்துக்காகக் கைநீட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடியதை நாம் கண்டிருக்கிறோம். ஆறு மாதம் சேர்த்து வை. அதற்குள் நண்பனின் வாத்தியத்தில் தினம் கால்மணி நேரம் பழகு. ஆறு மாதம் கழித்தும் ஆசை குறையாமல் இருந்தால், அது உண்மையான ஆசை, துணிந்து வாங்கலாம்.

வாங்கிய பிறகு

நம் சீதோஷ்ணத்தில் ஈரப்பதம் அதிகம். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பேஸ் கம்பி ஒரு செட் கித்தார்க் கம்பியைவிடப் பல மடங்கு விலை. துடைத்தால் நெடுநாள் உழைக்கும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் வாத்தியத்தை விடக்கூடாது; கழுத்து வளைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தேக்காக் கூட்டத்தில் புது வாத்தியத்தை முதுகில் மாட்டிக்கொண்டு புகுந்தால், இடிபட்டு முறுக்காணி வளையும். சாப்பாட்டை முதலில் முடித்துவிட்டு, வாத்தியத்தைக் கடைசியில் வாங்கிக்கொண்டு நேராகப் பஸ் ஏறுவதே புத்தி.

தினம் இருபது நிமிடம் போதும். முதலில் பாட்டின் ஆதார சட்ஜமத்தைப் பிடி, அடுத்து பஞ்சமம். இவ்விரண்டையும் தாளம் பிசகாமல் போட்டாலே பாதி மேடைப் பாட்டுக்கு ஈடுகொடுக்கலாம். டிரம்ஸ் அடிப்பவனின் வலது கால் உதையோடு உன் விரல் சேர்ந்து விழ வேண்டும். அந்த இரண்டும் ஒன்றானால் குழு நிமிர்ந்து நிற்கும்.

கடைசியாக, நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும்போது கூலியை முன்கூட்டியே பேசி, எழுத்தில் வாங்குங்கள். "நம்ம கோயில்தானே, பார்த்துப் போடுவாங்க" என்று சும்மா இருந்துவிட்டுப் பிறகு முணுமுணுப்பதில் பயனில்லை. வந்த பணத்தில் பாடியவனுக்கு ஒரு கணக்கு, பின்னால் நின்று பேஸ் வாசித்தவனுக்கு ஒரு கணக்கு என்று பிரிக்காதீர்கள். எல்லாரும் சேர்ந்து வாசித்தால்தான் அது பாட்டு. எல்லாருக்கும் சமமாகப் பிரித்தால்தான் அது குழு. நம் தோட்டத்துப் பிள்ளைகள் இதில் மற்றவர்களுக்கு வழிகாட்டுவார்களா?